இரண்டு கடல்களுக்கு நடுவே மூன்று நாட்கள்

முதல் நாள்: ஜனவரி 30, வெள்ளி. காரங்காடு

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நேற்று இரவு பதினோரு மணிக்குப் புறப்பட்ட எங்கள் பேருந்து, விடியும் நேரத்தில் தேவிபட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவர்கள் முப்பத்தைந்து பேர். உடன் விலங்கியல் ஆசிரியையான நானும், தாவரவியல், இயற்பியல் ஆசிரியர்கள் இருவரும். முப்பத்தைந்து பேரில் பதினொருவர் அதுவரை கடலையே பார்த்ததில்லை என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் கை தூக்கச் சொல்லிக் கேட்டபோதுதான் அறிந்தேன். மாங்குரோவ் என்னும் அலையாத்திக் காட்டின் படத்தை அம்புக்குறியோடு வரைந்து பத்து மதிப்பெண் வாங்கியவர்களும் அந்தப் பதினொருவரில் இருந்தார்கள்.

பயணத்துக்கு நான் விதித்தவை மூன்று. நோட்டில் பேனாவால் எழுதக் கூடாது, பென்சில் மட்டுமே. கடல் நீர் பட்டால் மை கலைந்துவிடும். எதையும் பறிக்கவோ பொறுக்கவோ கூடாது. "மிகவும் அழகாக இருந்தது" என்ற வாக்கியம் யாருடைய நோட்டிலும் இருக்கக் கூடாது. கேள்வியும் ஒன்றுதான். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஒரே நிலத்துண்டின் இரண்டு பக்கமும் இருக்கிற இந்த இரண்டு கடல்களும் நீரிலும், அடித்தரையிலும், உயிரிலும் எப்படி வேறுபடுகின்றன? பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, அதற்குள் எழுத வேண்டும்.

பாக் விரிகுடாவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் திருவாடானை வட்டத்தில் உள்ள காரங்காடு. வனத்துறையின் மேற்பார்வையில் ஊர் மக்களே படகு ஓட்டி, வழிகாட்டி, சமைத்துப் போட்டு நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா அங்கே இருக்கிறது. உயிர்காப்புச் சட்டைகளை மாட்டிக்கொண்டு படகில் ஏறியதும், ஓடையின் இரு கரையிலும் வெண்கண்டல் மரங்கள் நெருங்கி வந்தன. சேற்றிலிருந்து விரல் கனத்தில் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் கண்டதும், "டீச்சர், யாரோ பென்சில் நட்டு வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள் ஒருத்தி. அவள் நோட்டில் அந்த உவமை இருந்ததை நான் அடிக்கவில்லை. பென்சில் என்றால் அளவு தெரியும். அழகு என்றால் எதுவும் தெரியாது.

கரையோரமாகப் படகை நிறுத்தி, தாழ்ந்திருந்த கிளையின் இலைகளைப் பறிக்காமல் ஆளுக்கொன்றாக நுனி நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முகங்கள் சுளித்தன. வேர் வழியாக ஏறும் நீரிலிருந்து உப்பின் பெரும்பகுதியை வேரே வடிகட்டித் தடுத்துவிடுகிறது. அதையும் மீறி உள்ளே வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏறியதும் அது பொடிப்பொடியாகப் படிந்து மினுங்குகிறது. இதைப் பாடமாக நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நாக்கு சொல்லித் தந்ததைப் போல அது ஒருபோதும் பதிந்ததில்லை.

சேற்றில் இறங்க அனுமதி இருந்த ஓரிடத்தில் முழங்கால் வரை புதைந்தபோது கிளம்பிய அழுகிய முட்டை நாற்றத்துக்கு மாணவர்களே காரணத்தைக் கண்டுபிடித்தது எனக்கு மகிழ்ச்சி. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் கடல் நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அந்தச் சேற்றில் வேருக்கு மூச்சு கிடைக்காது என்பதால்தான் மரம் தன் வேர்களை மேல்நோக்கி அனுப்பியிருக்கிறது. நாற்றத்திலிருந்து மூச்சுவேருக்கு அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். உயிர்களை எண்ணுவதற்காகப் பி.வி.சி. குழாய்களைக் கொண்டு அரை மீட்டர் பக்கம் உள்ள நான்கு சதுரச் சட்டங்களை நானே வீட்டில் செய்து, உள்ளே நைலான் கயிறு கட்டி, ஒவ்வொன்றையும் இருபத்தைந்து கட்டங்களாகப் பிரித்து எடுத்து வந்திருந்தேன். சேற்றில் அவை நன்றாகவே உட்கார்ந்தன. ஒரு சட்டத்துக்குள் எத்தனை மூச்சுவேர், எத்தனை நண்டு வளை என்று குழு குழுவாக எண்ணி முடித்தார்கள். ஓடை கடலோடு சேரும் இடத்துக்கு அப்பால், இடுப்பளவு நீரில் கடற்புல் படுகைமேல் சட்டத்தை வைத்ததும் அது குதூகலமாக மேலே வந்து மிதந்தது. அழுத்திப் பிடித்தால் நீர் கலங்கியது. விட்டால் படகை விட்டு விலகிப் போயிற்று. குழாயின் மூட்டுகளைப் பசை போட்டு அடைத்து, காற்றை உள்ளே சிறைவைத்திருந்தேன். மூன்று அறிவியல் ஆசிரியர்கள் ஆர்க்கிமிடிசை மறந்து நின்றிருந்தபோது, படகோட்டி சிரிக்காமல் கத்தியை எடுத்துக் குழாய்களில் ஆங்காங்கே துளையிட்டுக் கொடுத்தார். "தண்ணி உள்ள போனா அதுவா கீழ போயிரும் டீச்சரம்மா" என்றார். போயிற்று.

கடற்புல்லையும் கடற்பாசியையும் ஒன்றென்று எண்ணுவது பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழையன்று. கரையில் அலை ஒதுக்கியிருந்த ஒரு கடற்புல் தண்டை எடுத்துக் காட்டினேன்: கிடைமட்டத் தண்டு, அதிலிருந்து கீழே வேர், மேலே பட்டையான இலைகள். இது பூத்துக் காய்க்கும் தாவரம். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன குடும்பம். நீருக்குள்ளேயே பூத்து, நீர் வழியாகவே மகரந்தத்தை அனுப்புகிறது. பாசிக்கு உண்மையான வேரும் கிடையாது, பூவும் கிடையாது. இந்தப் புல்லை மேய்வதற்காக வருவதுதான் ஆவுளியா. அதுவும் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய பாலூட்டி என்பதைச் சொன்னபோது, "ஆடும் புல்லும் சேர்ந்தே ஊரை விட்டுப் போய்விட்டன" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். ஆவுளியாவின் உறவு ஆட்டைவிட யானைக்கு நெருக்கம் என்று திருத்தினேனே தவிர, வாக்கியத்தை இரசித்தேன். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்ததற்குக் காரணமும் இந்தப் புல்வெளிகள்தாம்.

நீரின் தெளிவை அளக்க, கயிறு கட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கருப்பும் வெள்ளையுமாகக் கால்பாகங்களாகப் பிரித்து வண்ணமடித்துக் கொண்டுவந்திருந்தோம். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பதே வேலை. 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த சோதனை இது. இன்றும் கடல் ஆய்வாளர்கள் கைவிடவில்லை. ஓடையில் ஒரு முழத்துக்குள்ளேயே தட்டு மறைந்தது. வாடைக்காற்று வீசும் காலத்தில் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத சேற்றுத் தரை இப்படித்தான் கலங்கியிருக்கும் என்றார் படகோட்டி.

மதியம் ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள்: ஜனவரி 31, சனி. குருசடைத் தீவும் சின்னப்பாலமும்

பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது பேருந்தின் ஒரு பக்கமாக எல்லாரும் சாய்ந்துவிட்டதால் ஓட்டுநர் சத்தம் போட்டார். 1914-இல் திறந்த பழைய இரயில் பாலத்துக்கு அருகிலேயே, கப்பல் போகும்போது நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. இயற்பியல் ஆசிரியர் ஐந்து நிமிடம் கேட்டார்; கொடுத்தேன்.

விவேகானந்தர் 1897-இல் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சங்கிலி போலக் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு இப்போது நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்கும் வேலி போய், தீவுகளே கரைந்தன. வரைபடத்தில் விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்த மாணவி, "பாடப்புத்தகத்தில் 21 என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டாள். நோட்டில் 21 என்று எழுதி, பக்கத்தில் 2 என்று எழுதி வட்டம் போடச் சொன்னேன்.

அடிப்பகுதியை அறுத்துவிட்டு ஒளிபுகும் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் வாளிகள் மூன்று எங்களிடம் இருந்தன. அதை நீர்மேல் அழுத்தி உள்ளே முகத்தை வைத்தால் அலையின் நெளிவு போய்விடும். அடி அப்படியே தெரியும். நேற்றைய தட்டு இங்கே அடித்தரையைத் தொடும் வரை மறையவே இல்லை. வாளிக்குள் முகம் புதைத்த மாணவன் நெடுநேரம் எழவில்லை. அடுத்தவன் தோளைத் தட்டிய பிறகு எழுந்து, "மான்கொம்பு ஒன்று, மூளை ஒன்று, பெயர் தெரியாதது இரண்டு, நீல வால் மீன் ஏழு" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாகச் சுண்ணாம்பில் கட்டிய வீடு. அவற்றின் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து சோறு போடுகின்றன. நிறமும் பெருமளவு அவற்றால் வருவதுதான். நீரின் சூடு வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி ஏறிச் சில வாரங்கள் நீடித்தாலே அந்தக் கூட்டுக்குடித்தனம் முறிந்து, பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அது பெரிய அளவில் நடந்தது. சூடு தணிந்தால் சில மீளும்; நீடித்தால் பட்டினியில் சாகும்.

வெளுப்பை மட்டும் பேசிவிட்டுத் திரும்பினால் பாதிதான் சொன்னதாகும். வளர்ப்புக்காக இந்தக் கடலுக்குக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி இதே குருசடையின் பவளங்கள்மேல் படர்ந்திருந்தது 2008-இல் பதிவாயிற்று. ஒளியே படாமல் மூடிவிடுகிற போர்வை அது. ஆட்களை வைத்துக் கையால் பிய்த்து எடுத்தாலும் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும்.

குருசடை என்றாலே விலங்கியல் படித்தவர்களுக்கு நினைவு வருவது பலனோகுளோசஸ் வகைப் புழு. முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகுநாணிகளுக்கும் நடுவே அரைநாணி என்று நாம் பாடம் நடத்தும் உயிர். மணலைத் தோண்டக் கூடாது என்பதால் அதைப் பார்க்கவில்லை. நீர் வற்றிய மணலில் இடியாப்பம் பிழிந்தது போலச் சுருண்டிருந்த கழிவு மண்குவியல்களைக் கண்டோம். அது அந்தப் புழுவினுடையதா, வேறு ஏதேனும் மண்புகும் புழுவினுடையதா என்று நான் உறுதி சொல்லவில்லை. "சுருள் மண், 14, உரிமையாளர் தெரியவில்லை" என்று ஒரு குழு எழுதியிருக்கிறது.

படகு திரும்பியதும் எண்ணிக்கை சரிபார்க்கையில் ஒருவனுடைய சட்டைப்பை புடைத்திருந்தது. வெள்ளையாய், தேன்கூடு போன்ற துளைகளோடு ஒரு பவளத் துண்டு. "செத்ததுதானே டீச்சர், தங்கச்சிக்கு" என்றான். பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்குள்ள பாதுகாப்புதான் இதற்கும். உயிருள்ளது, செத்தது என்ற பேதம் இல்லை. திட்டாமல் இதைச் சொன்னேன். அவன் திரும்பப் போய் நீரோரத்தில் வைத்துவிட்டு வந்தான், எறியவில்லை, வைத்தான்.

பிற்பகல் சின்னப்பாலம் கரையில் கழிந்தது. நாளை பௌர்ணமி என்பதால் கடல்நீரின் வற்றம் நன்றாக இருந்தது. பாசி எடுக்கும் பெண்கள் சிலர் காய்ந்த பாசியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றாக மடியில் எடுத்துப் போட்டார். முதல் இரண்டும் அகர் எடுப்பதற்கு, மூன்றாவது ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருளுக்கு. எங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் அகர் தட்டின் தொடக்கம் அந்த மடியில் இருந்தது. விரல்களைக் காட்டினார். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கும்போது கிழியாமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணிப்பட்டை சுற்றிக்கொள்வார்களாம்; சுற்றியும் காட்டினார், கட்டைவிரலில் தொடங்கி, பல்லால் முனையைக் கடித்து இழுத்து. இரண்டு நகங்கள் இல்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி எழும் வேலை.

"எல்லா நாளும் போவீங்களா பாட்டி?" என்று கேட்டாள் ஒருத்தி. "எல்லா நாளும் போனா அது எப்பத்தா வளரும்?" என்றார். மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி எடுப்பது என்பது இந்தக் கரைப் பெண்கள் தாங்களே கூடிப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அடியோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளுவதும் அப்படியே. இந்த ஊரைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்பவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். பூங்கா எல்லைக்குள் போவது பற்றி வனத்துறையோடு அவர்களுக்கு நெடுங்கால உரசல் உண்டு. இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதுங்கள் என்றேன். பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டியின் பக்கத்தையே எழுதியிருக்கிறார்கள்.

முழங்கால் நீரில் சட்டங்களை வைத்தோம். இந்த முறை மூழ்கின. ஒரு கட்டத்தில் பாசி எத்தனை பங்கு, வெறும் மணல் எத்தனை பங்கு என்று குனிந்து எண்ணியதில் எல்லோருக்கும் முதுகு வலி.

மாலையில் மண்டபத்தில், 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் இருக்கும் காட்சியகத்தைப் பார்த்தோம். களைத்திருந்ததால் யாரும் அதிகம் எழுதவில்லை. மணலைத் தின்று சுத்தம் செய்து வெளியேற்றும் கடல் அட்டையின் முன்னால் மட்டும் சிறிது நேரம் நின்றார்கள்.

மூன்றாம் நாள்: பிப்ரவரி 1, ஞாயிறு. தனுஷ்கோடி

தைப்பூசம். இராமேசுவரத்தில் கூட்டம் சேருவதற்குள் கடந்துவிட வேண்டுமென்று ஐந்து மணிக்கே கிளம்பினோம். விடியலில் பூநாரைகள் நின்றிருந்தன. தனுஷ்கோடியின் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பு 2025 சூன் மாதம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் நுழைத்து, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டும் விதத்தைத் தொலைநோக்கியில் முறை வைத்துப் பார்த்தார்கள். பத்துப் பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டத்தின் அளவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மீதியைப் பத்துப் பத்தாக மதிப்பிடச் சொன்னேன். ஒரு குழுவின் கணக்கு 240, இன்னொன்றினுடையது 310. எது சரி என்று கேட்டார்கள். இரண்டையும் எழுதி, எழுதியவர் பெயரையும் எழுதச் சொன்னேன்.

ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் வலைவேலிக்குள் மணல்மேடுகளும் தேதி எழுதிய அட்டைகளும் மட்டுமே இருந்தன. பங்குனி ஆமை முட்டையிடத் தொடங்கியிருக்கும் பருவம் இது. பொரிய ஏறத்தாழ ஐம்பது நாட்களாகும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும் என்றதும், வெப்பமானி எடுத்து வந்திருந்த பையன் உற்சாகமாகிவிட்டான். வேலிக்கு வெளியே மணலில் ஒரு முழம் ஆழத்தில் செருகி வெகுநேரம் காத்திருந்தான்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் எஞ்சிய தேவாலயச் சுவரில் கை வைத்துப் பார்த்தபோது, "டீச்சர், இது பவளம்" என்று கத்தினான் நேற்றுச் சட்டைப்பையில் மறைத்தவன். ஆம், வெட்டிய பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர். தேன்கூட்டுத் துளைகள் அப்படியே இருக்கின்றன. நேற்று நீருக்குள் உயிரோடு பார்த்ததை இன்று கட்டடமாகப் பார்த்தார்கள். வரைபடத்தில் வட்டமிட்ட அந்த இரண்டு தீவுகளைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரிச்சல்முனையில் குளிக்கவோ இறங்கவோ கூடாது. நீவாடு எனப்படும் கடல் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். கரையில் நின்று அலைகளை எண்ணுவதே வேலையாக வைத்திருந்தேன். பாக் விரிகுடாவைப் பெண்கடல், அமைதியானது என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல், கொந்தளிப்பானது என்றும் வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் பேருந்து ஓட்டுநரும் வழியிலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஐந்து நிமிடத்துக்கு எத்தனை அலை, ஒவ்வொன்றும் மணலில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று குறித்தார்கள். வடக்கு அணியின் கணக்கே மிஞ்சியது. பெண்கடல்தான் இரைந்தது, ஆண்கடல் அடங்கிக் கிடந்தது. மாற்றி நின்றுவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு அணிகளை இடம் மாற்றி மறுபடி எண்ண வைத்தேன். அதே விடை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாடையில அந்தக் கடலு பொங்கும், கச்சான்ல இந்தக் கடலு பொங்கும். நாங்க அதுக்குத் தக்கன கரை மாறுவோம்" என்றார். வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கு நேரே திறந்திருக்கும் பாக் விரிகுடா கலங்க, நிலத்தின் மறைவில் இருக்கும் மன்னார் வளைகுடா அடங்குகிறது. தென்மேற்குக் காற்றில் இது தலைகீழாகிறது. நேற்று வாளிக்குள் அடித்தரை தெரிந்ததற்கும் முந்தைய நாள் தட்டு ஒரு முழத்தில் மறைந்ததற்கும் சேறு பாதிக் காரணம், மாதம் பாதிக் காரணம். மூன்று பத்திக்குக் கோடு போட்டவர்களில் நான்கைந்து பேர் அங்கேயே மணலில் உட்கார்ந்து நான்காவது கோடு போட்டார்கள். ஒருத்தி தலைப்பாகக் "காற்று" என்று எழுதினாள். இன்னொருத்தி "எந்த மாதம்" என்று எழுதினாள். இரண்டாமவளுடையதே மேல் என்று எனக்குப் பட்டது. ஆடி மாதம் ஒருமுறை வந்து இதே அலைகளை எண்ண முடிந்தால் கணக்கு முழுமையாகும். தலைமையாசிரியரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில் பூசக் கூட்டத்தில் சிக்கி, பாம்பனைத் தாண்டவே மதியமாகிவிட்டது. பரமக்குடி அருகில் ஓட்டுநர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கியதில், பின் இருக்கைக்கு அடியில் கிடந்த சதுரச் சட்டங்களின் துளைகளிலிருந்து மிச்சமிருந்த தண்ணீர் கொட்டி முன்வரிசை வரை ஓடிற்று. செருப்புகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் காலை மடக்கினார்கள். "மன்னார் வளைகுடா, சின்னப்பாலம், நேற்றுப் பிற்பகல்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்தது.